மருந்துச் சீட்டும் சலுகைச் சீட்டும்

சென்ற சனவரித் திங்களில் ஓர் இரவு. மணி இரண்டு இருக்கும். யாரோ என் அறைக் கதவைத் தட்டினார்கள். திறந்து பார்த்தால், அடுத்த அறை நண்பர் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். திருநெல்வேலிச் சீமைக்காரர், வேதியியல் முதுகலை பயில்பவர், பேசத் தொடங்கினால் ஓயாதவர். அன்று அவரால் ஒரு சொல் பேச முடியவில்லை. நெஞ்சுக்குள் யாரோ சீழ்க்கை அடிப்பது போன்ற ஒலி மட்டும் வந்துகொண்டிருந்தது. அவருக்குச் சிறு வயது முதலே ஆஸ்துமா உண்டு. மாதம் ஓர் இன்ஹேலர் வாங்கிக் காலையும் மாலையும் தவறாமல் பயன்படுத்தி வந்தால், தில்லியின் பனியும் புகையும் அவரை ஒன்றும் செய்வதில்லை. அன்று செய்துவிட்டன.

ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு ஓடினோம். ஆவியாக்கிய மருந்தை முகமூடி வழியே கொடுத்தார்கள். விடியும் நேரத்தில் மூச்சு சீரானது. "மருந்து தீர்ந்து எத்தனை நாள் ஆயிற்று?" என்று கேட்டார் பணியிலிருந்த மருத்துவர். நண்பர் ஒன்பது விரல்களைக் காட்டினார். "ஏன் வாங்கவில்லை?" என்ற கேள்விக்கு அவர் விடை சொல்லவில்லை. அறைக்குத் திரும்பிய பிறகுதான் எனக்கு அந்த விடை கிடைத்தது. அவருடைய கைப்பேசியில் மருந்து விற்கும் செயலி ஒன்று இருந்தது; அதில் ஒரு சலுகைச் சீட்டு இருந்தது. ஆயிரம் ரூபாய்க்கு மேல் வாங்கினால் நூற்றுக்கு இருபது தள்ளுபடி என்றது அந்தச் சீட்டு. அவருக்கு வேண்டிய மருந்தின் விலையோ 430 ரூபாய். ஆயிரம் சேரட்டும் என்று காத்திருந்தார்.

சேர்த்தும் விட்டார்! செயலியின் கூடையைத் திறந்து பார்த்தேன். இன்ஹேலருக்குப் பக்கத்தில் முகம் கழுவும் பசை ஒன்று, வைட்டமின் மாத்திரை ஒரு புட்டி, தலைக்குப் போடும் ஷாம்பு ஒன்று. ஆகக் கூடிய தொகை 1,010 ரூபாய். தள்ளுபடி 202 போக, கட்ட வேண்டியது 808. வீட்டிலிருந்து பணம் வந்ததும் கட்டிவிடலாம் என்று இருந்திருக்கிறார். 430 ரூபாயில் முடிய வேண்டிய செலவை 808 ஆக்கிக்கொண்டு, 202 ரூபாய் மிச்சம் பிடித்ததாக மனத்தில் கணக்கு எழுதிவிட்டார். அந்த 202 ரூபாய்க்காக ஒன்பது நாள் மூச்சை ஈடு வைத்திருக்கிறார்.

அவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், நண்பர்களே. (அவர் இசைவு பெற்றே இதை எழுதுகிறேன், "பெயர் மட்டும் வேண்டாம்" என்றார்.) நம்மில் யார் அந்தக் கூடையை நிரப்பாதவர்? இரண்டு நாள் காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கப் போனவர், புள்ளி சேரும் என்பதற்காகத் தேன் புட்டியோடு திரும்பியதை நானே கண்டிருக்கிறேன். அந்தத் தேனுக்கு இன்றுவரை எங்கள் தளத்தில் எறும்புகளே பயனாளிகள்.

நாம் இந்த வலையில் விழுவதற்குத் தனிப்பட்ட காரணம் ஒன்றும் உண்டு. மருந்துக் கடைக்காரர் முன் நின்று இந்தியில் வாய் திறக்க நமக்குக் கூச்சம். "பையா" என்று தொடங்கிவிட்டு, அதற்கு மேல் நா எழாமல் கைப்பேசியை நீட்டுகிறோம். "இதையே மலிவாகத் தருவீர்களா? இதில் நான்கு மட்டும் போதும், வெட்டித் தருவீர்களா?" என்று நம் ஊர்க் கடைத்தெருவில் தயங்காமல் கேட்கும் நாம், இங்கே ஊமைகளாகி விடுகிறோம். செயலிக்கு நம் உச்சரிப்பைப் பற்றிக் கவலை இல்லை. அதற்கு வேண்டியது நம் விரல்தான். கூச்சத்தின் பெயரால் நாம் கட்டும் வரி இது என்று எனக்குத் தோன்றுகிறது.

சலுகைச் சீட்டு என்னும் இந்தச் சரக்கு வணிக உலகில் வளர்ந்த வரலாற்றைப் பார்த்தால், அது மருந்துக் கடையிலேயே தவழ்ந்த குழந்தை என்பது விளங்கும். அமெரிக்காவின் அட்லாண்டா நகரில், 1886-ஆம் ஆண்டு, ஜான் பெம்பர்டன் என்ற மருந்தாளர் ஒரு பானத்தைச் செய்தார். ஜேக்கப்ஸ் மருந்துக் கடையில் கோப்பை 5 சென்ட் என்று அது விற்பனைக்கு வந்தது. அதுதான் கொக்கோ கோலா. பின்னர் அந்த உரிமையை வாங்கிய ஆசா கேண்ட்லரும் மருந்து வணிகரே. "இந்தச் சீட்டைக் காட்டுபவருக்கு ஒரு கோப்பை இலவசம்" என்று அச்சிட்ட சீட்டுகள் அந்த நாளிலேயே ஊரெங்கும் பரவின. முதல் கோப்பை இலவசம். இரண்டாம் கோப்பையிலிருந்து காசு. தாகம் இல்லாதவனுக்கும் தாகத்தை உண்டாக்கும் வித்தை அது. பானத்துக்கு அந்த வித்தை பொருந்தும். மருந்துக்குப் பொருந்துமா என்பதுதான் என் கேள்வி.

அந்த நாட்டில் இன்று அது பெருங்கலையாகவே வளர்ந்துவிட்டது. சி.வி.எஸ். என்னும் மருந்துக் கடைத் தொடர் 2001 முதல் 'எக்ஸ்ட்ராகேர்' என்ற அட்டைத் திட்டத்தை நடத்தி வருகிறது. அங்கே ஒரு சிறு பொருளை வாங்கினாலும், அடுத்த முறைக்கான சலுகைகளை அச்சிட்டுக்கொண்டு முழ நீளத்துக்கு ரசீது வரும். அந்நாட்டு நகைச்சுவையாளர்களுக்கு அது தீராத செய்தி. அறிவோடு பயன்படுத்தினால் பற்பசையும் சோப்பும் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் என்பது உண்மை. அங்குள்ள இல்லத்தரசிகள் பலர் இதில் தேர்ந்தவர்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. கத்தரிக்கோலும் பொறுமையும் இருப்பவர் பற்பசையில் சேமிக்கட்டும்.

ஆனால் அதே நாட்டில் மருந்துச் சலுகைச் சீட்டுக்கு மட்டும் சட்டம் குறுக்கே நிற்கிறது. மருந்து செய்யும் நிறுவனமே நோயாளிக்குச் சீட்டுக் கொடுக்கும்: "எங்கள் மருந்தையே வாங்குங்கள், உங்கள் பங்குத் தொகையை நாங்கள் ஏற்கிறோம்." நோயாளிக்கு மகிழ்ச்சி. ஆனால் விலையின் பெரும்பகுதியைக் காப்பீடு கட்டுகிறது. மலிவான மாற்று மருந்து பக்கத்து அலமாரியில் இருந்தும் விலை உயர்ந்ததே விற்கிறது. ஆண்டு முடிவில் காப்பீட்டுக் கட்டணம் எல்லோருக்கும் ஏறுகிறது. ஆகவே முதியோருக்கான மெடிகேர் போன்ற அரசுக் காப்பீடுகளில் இத்தகைய சீட்டுகள் செல்லா. கலிபோர்னியா மாநிலம் 2017-இல் ஒரு சட்டம் இயற்றி, மலிவான பொதுப்பெயர் மருந்து கிடைக்கும் இடங்களில் இந்தச் சீட்டுகளைப் பெரும்பாலும் தடுத்தது. சீட்டு விலையைக் குறைக்கவில்லை, உயர்ந்த விலைக்குத் திரை போடுகிறது என்பதை அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

நிற்க. அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு என்பீர்கள். இங்கே மாத்திரைக்குக் காப்பீடு கட்டுவது அரிது. புறநோயாளியாகச் சென்று வாங்கும் மருந்துக்கு நம் சட்டைப் பைதான் காப்பீடு. ஆகவே திரைக்கு இந்தப் பக்கம் நிற்பவரும் நாமே. அந்தப் பக்கம் பணம் கட்டுபவரும் நாமே.

நம் நாட்டில் மருந்து விலை எப்படி அமைகிறது என்பதைச் சற்றே பார்ப்போம். 2013-ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, இன்றியமையா மருந்துப் பட்டியலில் உள்ளவற்றுக்கு அரசு உச்ச விலை வரையறுக்கிறது. 2022-இல் வெளியான பட்டியலில் 384 மருந்துகள் உள்ளன. சந்தையில் நூற்றுக்கு ஒன்றாவது பங்குள்ள கம்பெனிகள் சில்லறைக் கடைக்குக் கொடுக்கும் விலைகளின் சராசரியை எடுத்து, அதன்மேல் கடைக்காரருக்கு நூற்றுக்கு 16 சேர்த்தால் உச்ச விலை கிடைக்கும். பட்டியலில் இல்லாத மருந்துக்கு உச்ச விலை கிடையாது. ஓராண்டில் பத்து விழுக்காட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது ஒன்றே கட்டுப்பாடு. பட்டியலில் உள்ள ஒரு மருந்தோடு பட்டியலில் இல்லாத இன்னொன்றைக் கலந்து ஒரே மாத்திரையாக்கி விட்டால், அந்தக் கலவை பெரும்பாலும் வேலிக்கு வெளியே போய்விடும். சளி, இருமல், வலி ஆகியவற்றுக்கு நாம் விழுங்கும் மாத்திரைகளின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள், எத்தனை கலவைகள்!

இப்போது கணக்கைப் போடுங்கள். வரியை ஒதுக்கி வைத்துப் பார்த்தால், கட்டுப்பாட்டில் உள்ள 100 ரூபாய் மருந்தில் கடைக்காரர் பங்கு ஏறக்குறைய 14 ரூபாய். கட்டுப்பாட்டில் இல்லாததில் வழக்கமாக 20 ரூபாய். இதில் கடை வாடகை உண்டு, மருந்தாளர் சம்பளம் உண்டு, மின்கட்டணம் உண்டு. இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஒருவர் நூற்றுக்கு இருபதும் இருபத்தைந்தும் தள்ளித் தருகிறார் என்றால், அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? கொஞ்ச காலம் முதலீட்டாளரின் பணத்திலிருந்து வரும். சந்தையைப் பிடிக்கும்வரை நட்டத்துக்கு விற்கும் வியாபாரம் அது. பெருமுதலாளிகள் இதில் இறங்கியதும் அதற்காகத்தான். 2020-இல் சென்னையைச் சேர்ந்த நெட்மெட்ஸ் நிறுவனத்தின் பெரும்பங்கை ரிலையன்ஸ் வாங்கியது. 2021-இல் 1எம்ஜி நிறுவனத்தின் பெரும்பங்கை டாட்டா வாங்கியது. சிறு கடைக்காரர்களின் அகில இந்தியச் சங்கம் 2018 செப்டம்பர் 28-இல் நாடு தழுவிய கடையடைப்பு நடத்தியதும் இந்தத் தள்ளுபடிப் போட்டியைக் கண்டு அஞ்சித்தான்.

மற்றொரு வழி, அந்தக் கூடைதான். மாத்திரையில் விட்டதை ஷாம்பில் பிடிக்கலாம், வைட்டமினில் பிடிக்கலாம். கல்லாவுக்கு முன்னால் கை எட்டும் உயரத்தில் இருப்பவை எவை என்று அடுத்த முறை கவனியுங்கள். மருந்து உள்ளே இருக்கும். மருந்தல்லாதது வெளியே இருக்கும்.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதை நம்மில் பலர் அறியோம். "எல்லா மருந்துக்கும் 60 விழுக்காடு, 70 விழுக்காடு தள்ளுபடி" என்ற பலகைகளைக் காண்கிறோம் அல்லவா? அதைக் கண்டு மகிழ்வதற்கு முன் அச்சிட்ட விலையைச் சந்தேகியுங்கள். விளம்பரமும் விற்பனைப் பிரதிநிதியும் இல்லாமல் நேரே கடைக்கு வரும் மருந்துகள் உண்டு. அவற்றுள் சிலவற்றின் அட்டையில் பெரிய கம்பெனி விலைக்கு நிகரான விலை அச்சிடப்பட்டிருக்கும். கடைக்காரர் வாங்குவதோ மிகக் குறைந்த விலைக்கு. எடுத்துக்காட்டாக, 100 ரூபாய் என்று அச்சிட்ட அட்டையைக் கடை 20 ரூபாய்க்கு வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அறுபது ரூபாயைத் தள்ளிக் கொடுத்தாலும் அவருக்கு இருபது நிற்கும். வாங்கிய விலைக்கு இரட்டிப்பு. நமக்கோ அறுபது ரூபாய் கிடைத்த மகிழ்ச்சி. தள்ளுபடியின் அளவு கடைக்காரரின் தாராளத்தைக் காட்டவில்லை. அச்சிட்ட விலையின் பொய்மையைக் காட்டுகிறது.

புள்ளிகளைப் பற்றியும் ஒரு சொல். நம் வீட்டு வாசலில் அம்மா வைக்கும் புள்ளி விடிவதற்குள் கோலமாகிவிடும். மருந்துக் கடைப் புள்ளியோ நாம் கோலம் போட எண்ணும்போது காலாவதியாகி இருக்கும். அதைச் செலவழிக்க வேண்டுமானால் மறுபடி அங்கேயே போக வேண்டும். போவதற்கு ஒரு நோய் வேண்டும், அல்லது நோய் வருமோ என்ற அச்சமாவது வேண்டும். மளிகைக் கடை நம்மை அடிக்கடி வரச் சொல்வதில் குற்றமில்லை. மருந்துக் கடை நம்மை "அடிக்கடி வாருங்கள்" என்று அழைப்பதை, எங்கள் பாட்டி கேட்டிருந்தால் வாசலில் தண்ணீர் தெளித்திருப்பாள்.

புள்ளிக்காக நாம் கொடுப்பது கைப்பேசி எண். "நம்பர் சொல்லுங்கள்" என்பார், சொல்லிவிடுவோம். அந்த எண்ணுக்கு எதிரே என்னென்ன எழுதப்படுகிறது? தேர்வுக் காலத்தில் தூக்கம் வராத ஒருவர் வாங்கிய மாத்திரை, மனநல மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரை, ஒரு பெண் தன் தோழியிடம்கூடச் சொல்லாமல் வாங்கிய மாத்திரை, எல்லாம் எழுதப்படுகின்றன. அமெரிக்காவில் மருந்துச் சலுகைச் சீட்டுகளை வழங்கும் குட்ஆர்எக்ஸ் என்ற நிறுவனம், தன்னை நம்பியவர்களின் நோய் விவரங்களை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், கூகுள் போன்றவற்றுடன் பகிர்ந்துகொண்டது என்று அந்நாட்டு வணிக ஆணையம் 2023 பிப்ரவரியில் குற்றம் சாட்டியது; 15 இலட்சம் டாலர் தண்டம் கட்ட அந்த நிறுவனம் உடன்பட்டது. நம் நாட்டிலும் தனிமனிதர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. சட்டம் இருக்கட்டும், எண்ணைக் கேட்கும்போது "வேண்டாம்" என்று சொல்ல எந்தச் சட்டமும் தேவையில்லை. இந்தியில் அதற்கு இரண்டே எழுத்து.

அப்படியானால் கிடைக்கும் தள்ளுபடியை உதறிவிட வேண்டுமா என்று ஒரு நண்பர் கேட்டார். வேண்டியதில்லை. மாதந்தோறும் ஒரே மருந்தை வாங்கியாக வேண்டியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்: தைராய்டு, சர்க்கரை, வலிப்பு, ஆஸ்துமா. அவர்களுக்குப் பத்து விழுக்காடு என்பது மாதக் கடைசியில் இரண்டு வேளைச் சாப்பாடு. அதைக் கேட்டு வாங்குவதில் இழிவில்லை. கேட்காமல் விடுவதுதான் மடமை. நான் சொல்வதெல்லாம், தள்ளுபடிக்காக மருந்தைத் தள்ளிப் போடாதீர்கள், தள்ளுபடிக்காக மருந்தைக் கூட்டாதீர்கள் என்பதுதான். சென்ற முறை மீந்த நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையை அடுத்த காய்ச்சலுக்குத் தானே விழுங்கும் வழக்கம் நம் விடுதிகளில் பரவியிருப்பதும், தேவைக்கு மேல் வாங்கி அடுக்கும் இந்தப் பழக்கத்தின் பிள்ளைதான்.

உண்மையில் பெரிய சேமிப்பு கடையில் இல்லை. மருத்துவரின் மேசைமேல் இருக்கிறது. அங்கேதான் மருந்துச் சீட்டு எழுதப்படுகிறது. அதில் கம்பெனிப் பெயர் எழுதப்பட்டு விட்டால், அதன்பின் கடைக்காரர் நல்லவராக இருந்தும் பயனில்லை. மருத்துவர் எழுதியதற்குப் பதிலாக வேறொன்றைத் தாமாக மாற்றிக் கொடுக்க விதி அவரை அனுமதிப்பதில்லை. மருந்தின் பொதுப்பெயர் எழுதப்பட்டால் கதவு திறக்கிறது. இந்த எண்ணம் புதிதன்று. ஜெய்சுக்லால் ஹாத்தி தலைமையிலான குழு 1975-லேயே கம்பெனிப் பெயர்களைப் படிப்படியாக ஒழிக்கப் பரிந்துரைத்தது. 2016-இல் மருத்துவக் கழகம் தன் விதியைத் திருத்தி, பொதுப்பெயரைத் தெளிவாக எழுதுமாறு மருத்துவர்களைப் பணித்தது. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் இதைக் கண்டிப்பான விதியாக்கியது; எதிர்ப்பு எழவே, அதே மாதத்தில் அதை நிறுத்தி வைத்தது. ஐம்பதாண்டுக் கதை! அரசும் மருத்துவர்களும் பேசி முடிக்கும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. "ஐயா, மருந்தின் பெயரையும் சேர்த்து எழுதித் தாருங்கள்" என்று கேட்கலாம். பெரும்பாலோர் முகம் சுளிக்காமல் எழுதித் தருகிறார்கள். சிலர் "இந்த மருந்தில் மட்டும் கம்பெனியை மாற்றாதே" என்பார்கள். வலிப்பு, தைராய்டு மருந்துகளில் அந்தச் சொல்லுக்குப் பொருள் உண்டு. கேட்டு நடக்க வேண்டும். நாமாக மாற்றிக்கொள்வது கூடாது.

என் நண்பர் வேதியியல் பயில்பவர் என்றேன் அல்லவா? தம் இன்ஹேலருக்குள் இருக்கும் மூலக்கூறுகளின் கட்டமைப்பைக் கரும்பலகையில் வரைந்து காட்டக்கூடியவர். கடையில் மட்டும் கம்பெனிப் பெயர் சொல்லிக் கேட்பார்! அடுத்த முறை மருத்துவரிடம் போனபோது பொதுப்பெயர் எழுதி வாங்கினார். குழலை மாற்றினால் இழுக்கும் முறையும் மாறும் என்பதால் அதையும் அங்கேயே பழகிக்கொண்டார். இப்போது அவருடைய மாதச் செலவு 430-இல் பாதிக்கும் கீழே. சலுகைச் சீட்டு எதுவும் இல்லை.

பொதுப்பெயர் எழுதி வாங்கியபின் எங்கே போவது? 2008 நவம்பரில் அமிர்தசரஸில் முதல் கடையோடு தொடங்கிய ஜன் ஔஷதித் திட்டம் இன்று நாடெங்கும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட கடைகளாகப் பெருகியிருக்கிறது. தில்லியிலும் பல உண்டு. நம் சங்கத்துப் பெண்கள் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி: மாதவிடாய் அணையாடை அங்கே ஒன்று ஒரு ரூபாய் என்ற விலைக்கு 2019 முதல் விற்கப்படுகிறது. 'ஜன் ஔஷதி சுகம்' என்ற செயலியில் கடைகளும் விலைகளும் உள்ளன. விலை நிர்ணய ஆணையத்தின் 'பார்மா சஹி தாம்' என்ற செயலியில் ஒரே மருந்துக்கு எந்தெந்தக் கம்பெனி என்னென்ன விலை வைத்திருக்கிறது என்று பார்க்கலாம். செயலியைப் பழித்தவன் செயலியையே சொல்கிறானே என்று நகைக்காதீர்கள். இவற்றில் கூடை இல்லை. ஆனால் எல்லா மருந்தும் எல்லா நாளும் அங்கே இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. மாத மருந்து எடுப்பவர் பத்து நாள் முன்னதாகவே கேட்டு வைப்பது நலம். மற்றொன்றும் நினைவிருக்கட்டும்: கடைக்காரர் அட்டையை வெட்டிச் சில்லறையாகக் கொடுத்தால், விகிதப்படி வரும் விலைக்கு மேல் வாங்கக் கூடாது என்பது அதே 2013 ஆணையில் உள்ளது.

"மலிவு மருந்தில் சரக்கு இருக்குமா?" என்ற ஐயம் எழும். அஞ்ச வேண்டியது மலிவை அன்று, மோசடியையும் கவனக்குறைவையும். 2025-இல் மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாரா மாவட்டக் குழந்தைகள் இருமல் மருந்து குடித்து மாண்டார்களே, அந்தப் புட்டியில் கம்பெனிப் பெயர் இருக்கத்தான் செய்தது. டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு கலந்த அந்த மருந்து செய்யப்பட்டது நம் காஞ்சிபுரம் மாவட்டத்து ஆலையில். இதை எழுதக் கை கூசுகிறது. பெயர் காக்கவில்லை; சோதனை நடந்திருந்தால் காத்திருக்கும். மைய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதந்தோறும் வெளியிடும் தரம் குறைந்த மருந்துகளின் பட்டியலில் பெயர் பெற்றவையும் வருகின்றன, பெயர் பெறாதவையும் வருகின்றன. பொதுப்பெயர் மருந்துக்கு நம் நாட்டிலேயே நல்ல சான்றும் நம் மாநிலத்தில்தான் இருக்கிறது. 1994-இல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளைப் பொதுப்பெயரில் மொத்தமாக வாங்கி, ஆய்வகத்தில் சோதித்து, அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. கேரளமும் இராசத்தானும் பின்னர் இதைப் பார்த்துத் தத்தம் கழகங்களை அமைத்தன. 2025 பிப்ரவரி 24-இல் ஆயிரம் முதல்வர் மருந்தகங்கள் அங்கே திறக்கப்பட்டதும் நமக்குத் தெரியும். ஊரில் ஆரம்ப சுகாதார நிலையத்து மாத்திரையில் வளர்ந்த நாம், தில்லிக்கு வந்ததும் அதே மூலக்கூறைப் பளபளக்கும் பெட்டியில் தேடுகிறோம்.

இனிச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவுக்கும் ஆண்டு மலருக்கும் நாம் பணம் திரட்டுகிறோம். அதில் சிறு தொகையை ஒதுக்கி, மாத மருந்து எடுக்கும் மாணவர்களுக்குக் கைமாற்றாகக் கொடுக்க ஒரு நிதி வைக்கலாம். வீட்டுப் பணம் ஐந்து நாள் தாமதமானால் மருந்து தாமதமாகக் கூடாது. பெயர் கேட்கக் கூடாது, நோய் கேட்கக் கூடாது. கடை ரசீது ஒன்று போதும். அறிவிப்புப் பலகையில் வளாகத்தைச் சுற்றியுள்ள மலிவு மருந்தகங்களின் முகவரி, திறந்திருக்கும் நேரம், கடையில் பேச வேண்டிய நான்கு இந்தி வாக்கியங்கள் ஆகியவற்றைத் தமிழ் எழுத்தில் ஒட்டலாம். வாக்கியங்களை நான் எழுதி வைத்திருக்கிறேன். என் இந்தியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பீகாரைச் சேர்ந்த அறைத் தோழர் மூன்று இடங்களில் திருத்திக் கொடுத்தார். முகவரிகளைத் திரட்ட ஆஸ்துமா நண்பர் சைக்கிளில் போய்க்கொண்டிருக்கிறார். இதுவரை ஆறு கடைகள் கிடைத்துள்ளன. தெற்கு வளாகத்துப் பக்கம் தெரிந்தவர்கள் செயலாளரிடம் சொன்னால் நலம்.